அறிவித்தலில் விடுபட்ட மாமி

"அப்ப உவன் ஏன் வாய் திறக்கேல்லை?"

மாமி இப்படிக் கேட்டபோது நான் அவருக்குச் சொல்லிவந்த ஆங்கில நாவலின் இருநூறாவது பக்கத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். ஸ்காபரோவில், நான் படித்த பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்துக்குப் பின்னால், சாமான் இறக்குகிற கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை இருந்தது. அங்கே வேலை செய்கிறவர்கள் இடைவேளையில் வந்து இருக்கும் மேசை. மாமி தலைமயிரை மூடும் வலையைக் கழற்றாமலே இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியோடு கை நின்றுவிட்டது. கதையில் தகப்பன் காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து மகளை எழுப்பி வாசலைக் காட்டுகிறான். தகப்பனின் கையெழுத்தைக் கள்ளமாய்ப் போட்டுக் கடிதம் எழுதியவள் அவள்தான் என்று வீடே நம்புகிறது. எழுதியது அவளுடைய தம்பி. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவள் பெட்டியோடு முற்றத்தைக் கடக்கும்போது அவன் மாடிப்படி யன்னலில் நின்று பார்க்கிறான். ஒரு முழு அத்தியாயம் அந்த யன்னலைவிட்டு நகராது. நான் அந்த இடத்தில் மயங்கிப்போய், கையையும் கண்ணையும் காட்டித் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமி மயங்கவில்லை. அவருக்குப் பதில் வேண்டியிருந்தது.

அப்போது எனக்கு இருபது வயது. விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில நாவல்களைப் பற்றிய ஒரு வகுப்பை எடுத்திருந்தேன். எனக்கு எதிலும் அரைவாசியாக இறங்கத் தெரியாது. எதைப் படித்தாலும் அதை யாருக்காவது சொல்லித் தீர்க்காவிட்டால் பஸ்ஸில்கூட இருக்க முடியாது. வகுப்பில் மற்றவர்கள் சுருக்கத்தைப் படித்துவிட்டு வந்து தலையாட்டிக்கொண்டிருக்க, நான் அறுநூறு பக்கங்களையும் பென்சிலோடு படித்தேன். தாய் இறந்தபிறகு இரண்டு சகோதரர்களையும் பார்த்துக்கொண்ட ஒரு பெண், ஒரு துறைமுகப் பட்டினம், ஒரு துணிக்கடை வீடு, ஒரு கள்ளக் கடிதம். கதை அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலத்து எழுத்தாளர்களுக்கு ஒரு பொறுமை இருந்தது. ஒருவர் ஒருவருக்குச் செய்த துரோகத்தைச் சொல்ல மூன்று பாகம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வீடுகளில் அது ஒரு மணித்தியாலத்தில் முடிந்து, பிறகு இருபது வருடம் அதைப்பற்றி யாரும் கதைக்காமல் இருப்பார்கள்.

மாமி என்றால் அப்பாவின் தங்கை. அப்பா மூத்தவர், நடுவில் மாமி, கடைசி சித்தப்பா. எங்கள் வீட்டில் மாமியின் பெயர் எடுபடுவதில்லை. அதற்குக் காரணம் விளங்க, எங்கள் வீட்டுக் கல்யாணத்தைச் சொல்லவேண்டும். அது மாற்றுச் சம்மந்தம். அப்பா அம்மாவைக் கட்டினார். அம்மாவின் தமையன் மாமியைக் கட்டினார். ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில், ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மணவறை. அண்ணனும் தங்கையும் கொடுத்து, அண்ணனும் தங்கையும் எடுத்தார்கள். இப்படிச் செய்தால் இரண்டு வீடும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. ஒரு வீட்டில் ஒன்று உடைந்தால் மற்ற வீடும் ஆட்டம் காணும் என்பது அந்தக் கணக்கின் மற்றப் பாதி. அதை யாரும் மணவறையில் சொல்வதில்லை. கல்யாணமாகி ஐந்தாம் வருடம், எனக்கு நான்கு வயதாயிருக்கையில், மாமி காரணம் எதுவும் சொல்லாமல் மாமாவின் வீட்டைவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் "போனவள்." கையில் நாலு காசு வந்ததும் திமிர் பிடித்துப் போனவள் என்று ஒரு கதை. இன்னும் மோசமான கதைகளும் இருந்தன. அப்பா அம்மாவின் பக்கம் நின்றார். மாமா எங்கள் வீட்டு மனிதராகவே இருந்தார். றிச்மண்ட் ஹில் கோவிலில் அன்னதானம் என்றால் முதல் ஆளாய் வாளியைத் தூக்குகிறவர், எனக்கும் தம்பிக்கும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உடுப்பு வாங்கி வருகிறவர்.

நான் மாமியைக் கண்டுபிடிக்கவில்லை. மாமிதான் என்னைக் கண்டுபிடித்தார். சாண்ட்விச் வரிசையில் நின்றபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "நீ எங்கட அண்ணையின்ர மகளெல்லே? மூக்கு அப்பிடியே இருக்கு, பாவம்" என்றது. எனக்கு முன்னால் நின்ற பெடியன் திரும்பிப் பார்த்தான். நான் என்ன சொல்வதென்று தெரியாமல், "தக்காளி வேண்டாம்" என்றேன். மாமி சிரித்தார். தக்காளி போடவில்லை. அடுத்த கிழமை நானே போய், "நீங்கள் என்ர மாமிதானே" என்று கேட்டேன். "ஓம். அதை இங்கை சத்தமாய்ச் சொல்லாதை, சொந்தக்காரருக்குச் சும்மா சாப்பாடு குடுக்கிறன் எண்டு மனேச்சர் நினைப்பான்" என்றார்.

அப்படித்தான் அந்த மேசை தொடங்கியது. செவ்வாயும் வியாழனும் பின்னேரம் இரண்டேகாலுக்கு மாமிக்கு அரை மணித்தியால இடைவேளை. முதல் இரண்டு தரமும் இருவருக்கும் என்ன கதைப்பதென்று தெரியவில்லை. வீட்டைப்பற்றிக் கேட்டால் நான் சொல்லவேண்டி வரும், சொன்னால் மாமி கேட்கவேண்டி வரும். அதனால் நான் கையிலிருந்த நாவலைச் சொல்லத் தொடங்கினேன். அது இருவருக்கும் வசதியாய்ப் போயிற்று. மாமி கதையில் வருகிறவர்களின் ஆங்கிலப் பெயர்களைத் தொடவே மாட்டார். தகப்பன் "உந்தக் கிழவன்," அண்ணன் "பெரியவன்," தம்பி "சின்னவன்," கதாநாயகி எப்போதும் "பெட்டை." ஒரு பாதிரியார் இடையில் வந்து அவளைக் கல்யாணம் கேட்டபோது, "உவர் சரிவராது, கனக்கக் கதைக்கிறார்" என்று நான்காவது வரியிலேயே தள்ளிவிட்டார். எழுத்தாளர் அவரைத் தள்ள நூற்றிருபது பக்கம் எடுத்தார்.

நான் அந்த நாவலைப்பற்றி எழுதிய கட்டுரையில், அந்தப் பெண்ணின் மௌனம் ஒரு எதிர்ப்பு என்று வாதாடியிருந்தேன். பேசாமல் இருப்பதன்மூலம் அவள் தகப்பனின் நீதிமன்றத்தையே மறுக்கிறாள், அவளுடைய விசுவாசமே அவளுடைய ஆயுதம், இப்படியெல்லாம். நல்ல புள்ளி கிடைத்தது. துள்ளிக்கொண்டு போய் மாமிக்குச் சொன்னேன். மாமி பழத்தில் ஒரு சுளையைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"எதிர்ப்போ? பெட்டைக்குப் பயம் பிள்ளை. தான் சொன்னால் வீடு உடைஞ்சு போயிடும் எண்ட பயம். உதுக்கு ஏன் உவ்வளவு பெரிய இங்கிலிஸ்?"

நான் விவாதிக்கத் தயாரானேன். அப்போதுதான் அவர், நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார். எழுதினவன் யன்னலில் நிற்கிறான், அக்கா போகிறாள், அவன் ஏன் வாய் திறக்கவில்லை. நான் வகுப்பில் படித்ததையெல்லாம் அடுக்கினேன். தகப்பன் பயம், அந்தக் காலத்து ஆண்பிள்ளைகளின் வளர்ப்பு, எழுத்தாளர் அவனுக்குப் பேச்சையே குறைத்துக் கொடுத்திருக்கும் உத்தி. மாமி கேட்டு முடித்துவிட்டு, "அவள் அவனிட்டைச் சொல்லாதை எண்டு சொன்னவளோ?" என்றார். சொன்னாள், கடிதம் பிடிபட்ட அன்றே சொன்னாள் என்றேன். "அதுதான்" என்று மாமி சொன்னார். பிறகு, ஒரு சாமான் பட்டியலை வாசிப்பதுபோல, தன் கதையைச் சொன்னார்.

நான் அதற்கு முன்பே கவனித்திருக்கவேண்டும். மாமி மேல்தட்டிலிருந்து எதை எடுத்தாலும் இடது கையால்தான் எடுப்பார். வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. "உன்ர மாமா குடிக்கிறவரில்லை" என்று மாமி சொன்னார். "குடிச்சிருந்தால் சொல்ல லேசு. வெறியில அடிச்சுப்போட்டான் எண்டு சனம் நம்பும். அவர் நல்ல தெளிவாய், கதவைச் சாத்திப்போட்டு, ரீவியை வைச்சுப்போட்டுத்தான்." ஐந்து வருடம். கடைசி நாள், சித்தப்பா தற்செயலாய் ஒரு மின்குமிழ் மாற்ற வந்தவர், மாமியின் தோளைக் கண்டார். அவருடைய வான் வண்டியில்தான் மாமி வெளியே வந்தார். அடிபட்டு வரும் பெண்களுக்கான தங்குமிடத்தின் வாசலில் வான் நின்றபோது மாமி சித்தப்பாவின் கையைப் பிடித்து, அண்ணையிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினார்.

"உன்ர கொம்மா அப்ப உன்ர தம்பியை வயித்தில வைச்சிருந்தவ. நீ நாலு வயசு. நான் காரணத்தைச் சொன்னால் அண்ணை போய் மாமாவோடை அடிபடுவார். பேந்து கொம்மா தன்ர தமையனைப் பார்க்கிறதோ, புருசனைப் பார்க்கிறதோ? ரெண்டு வீடும் போயிடும். ஒரு வீடு மட்டும் போகட்டும் எண்டு நினைச்சன்."

  மாமி தோலைக் கூட்டி ஒரு கடதாசியில் சுற்றினார்.

"சொல்லாதை எண்டு சொன்னது நான்தான். அவனிலை பிழையில்லை. ஆனால் அவன் சொல்லுவான் எண்டுதான் நினைச்சிருந்தன். ஒரு மாதம், ரெண்டு மாதம். அண்ணை வருவார், வந்து 'ஏனடி எனக்குச் சொல்லேல்லை' எண்டு ஏசுவார் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். அவன் என்ர சொல்லைக் காப்பாத்திப் போட்டான்." எழும்பும்போது, "நீயும் சொல்லாதை" என்றார். நான் தலையாட்டினேன்.

அதன்பிறகு சித்தப்பாவை எனக்குப் பார்க்கத் தெரியாமல் போயிற்று. அவர் மிசிசாகாவில் விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தியோடு, ரூஜ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். சிரிக்கவைக்கிற மனிதர். ஆட்டிறைச்சிக் கறியில் எலும்பு தேடி அம்மாவோடு சண்டை பிடிப்பார். "அண்ணி, கனடாவில ஆட்டுக்கு எலும்பே இல்லையோ, இல்லாட்டி எல்லாத்தையும் அண்ணைக்குப் போட்டுட்டீங்களோ?" மாமாவும் அதே மேசையில் இருப்பார். யாராவது மறதியாய் மாமியைப்பற்றி ஒரு சொல் தொடங்கினால் சித்தப்பா கோப்பையைப் பார்ப்பார், அல்லது தொலைபேசியைப் பார்ப்பார். முன்பெல்லாம் நான் அதைக் கவனித்ததில்லை. இப்போது எனக்கு அது மட்டுமே தெரிந்தது. மாடிப்படி யன்னலில் நின்றவனை நான் அறுநூறு பக்கம் வெறுத்துப் பழகியிருந்தேன். இவர் எனக்கு எலும்பு பொறுக்கித் தருகிறார். நான் அதை வாங்கிச் சாப்பிடுகிறேன். ஒருநாள் கார்த் தரிப்பிடத்தில் அவரோடு தனியே நிற்க நேர்ந்தபோது, "சித்தப்பா, மாமியைக் கண்டனான்" என்று மட்டும் சொன்னேன். அவர் சாவிக்கொத்தைப் பார்த்தபடி, "சுகமா இருக்கிறாவோ?" என்றார். ஓம் என்றேன். "கையைத் தூக்குறாவோ?" என்று கேட்டார். சித்தி வந்துவிட்டார். நான் சித்திக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டேன்.

அடுத்த மாதம் சித்தப்பா வேலைத்தளத்தில் விழுந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் முடிந்துவிட்டது. நாவலை நாங்கள் மூன்றாம் பாகத்தின் தொடக்கத்தில் விட்டிருந்தோம்.

எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முதல் வேலை மரண அறிவித்தல். இணையத்தளத்துக்கும் வானொலிக்கும் போகவேண்டும். பிறந்த ஊர், இருந்த ஊர், பிறகு உறவுகள். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் அன்புச் சகோதரரும், இன்னாரின் மைத்துனரும் ஆவார். வெளியில் இருப்பவர்களுக்கு இது வெறும் நாலு வரி. எங்களுக்கு இதுதான் குடும்பத்தின் எல்லை. யார் எந்த இடத்தில், யாருக்கு முன்னால், யார் இல்லை. லண்டனிலும் பாரிஸிலும் இருப்பவர்கள் காலைத் தேநீரோடு இதைப் பார்த்துத்தான் எந்த வீட்டில் யார் யாரோடு கதைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் புண்ணியத்தில் எங்கள் வீட்டில் கணினியில் தமிழ் தட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பிறந்தநாள் அழைப்பிதழ், அரங்கேற்றம், நன்றி நவிலல் எல்லாம் நான்தான். இதுவும் என்னிடம் வந்தது.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. அப்பா பக்கத்தில் இருந்து சொன்னார். அம்மா தேநீர் ஊற்றினார். மாமா எதிரில் இருந்தார். பெட்டி, மண்டபம், ஐயர் என்று எல்லா அலுவலையும் அவர்தான் ஓடி ஓடிப் பார்த்தார். பெற்றோர் பெயர், சித்தியின் பெயர் வந்தன. பிறகு அப்பா சகோதரர் என்ற இடத்தில் தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு மைத்துனர்மாருக்குப் போனார்.

"மாமியின்ர பேர்?" என்று கேட்டேன்.

 அம்மா தேநீரை ஊற்றிக்கொண்டே இருந்தார், கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது. மாமாதான் பேசினார். அவருக்கு எப்போதும் மெல்லிய குரல். "பிள்ளை, அவவின்ர பேரைப் போட்டு அவவுக்குச் சங்கடம் குடுக்க வேண்டாம். அவ எங்களை விட்டுப் போனவ. அவவின்ர விருப்பத்தை மதிப்பம்."

நான் மாமியின் பெயரைத் தட்டினேன். அது திரையில் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் நின்றது. அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். "எடு பிள்ளை" என்றார். கோபமாக இல்லை. கெஞ்சுவதுபோல. நான் அப்போது எழும்பியிருக்கலாம். இந்த மேசையில் இருக்கிற இந்த மனிதர் என்ன செய்தவர் தெரியுமா என்று கேட்டிருக்கலாம். பக்கத்து அறையில் சித்தி படுத்திருந்தார். நான் மாமியிடம் தலையாட்டியிருந்தேன். காரணங்கள் எனக்கும் வரிசையாய் வந்தன, நாவலில் வருகிறவர்களுக்கு வருவதுபோலவே. அழிக்கும் விசையை அழுத்திப் பிடித்தேன். ஒவ்வொரு எழுத்தாய்ப் போயிற்று. அடுத்த வரியில் மைத்துனர் என்று மாமாவின் பெயரைத் தட்டினேன். மாமி வழியால் அவர் சித்தப்பாவுக்கு மைத்துனர். மாமி இல்லாவிட்டாலும் அம்மா வழியால் மைத்துனர்தான். மாற்றுச் சம்மந்தத்தில் ஒருவருக்கு உள்ளே வர இரண்டு கதவு இருக்கிறது. மாமிக்கு மட்டும் ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த நாள் வகுப்பு இல்லை, இருந்தும் போனேன். மாமி வேலைக்கு வந்திருந்தார். வரிசையில் என்னைக் கண்டதும் கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தார். கண் வீங்கியிருந்தது.

"அறிவித்தலைப் பார்த்தனான்" என்றார். "வீட்டில தமிழ் அடிக்கிறது நீதானே. வடிவாய் அடிச்சிருக்கிறாய். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை."

இதை அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை எனக்குத் தாங்க முடியாதது. தன் அண்ணன் மகள் இந்த நாட்டில் பிறந்து இவ்வளவு தமிழ் எழுதுகிறாள் என்பதில் அவருக்கு உண்மையாகவே ஒரு பெருமை இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் சித்தப்பாவைப் பார்வைக்கு வைத்தார்கள். மாமி வந்தார், கூட வேலை செய்யும் ஒரு பிலிப்பினோப் பெண்ணோடு. உறவினருக்கான முன்வரிசைக்கு வராமல், பொதுசனத்தின் நீண்ட வரிசையில், சித்தப்பாவோடு வேலை செய்தவர்களுக்கும் யாரோ பழைய பள்ளிக்கூட நண்பர்களுக்கும் நடுவில் முக்கால் மணித்தியாலம் நின்றார். பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் மற்றவர்கள் நிற்கிற அளவுதான் நின்றார். சித்தப்பாவின் கைக்குக் கிட்ட ஒரு விரலை வைத்தார். பின்னால் நின்றவர் அசைய, அவரும் அசைந்தார். அவர் முன்வரிசையைக் கடக்கையில், அம்மா பக்கத்துக் கதிரையில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். கதிரை வெறுமையாய் இருந்தது. மாமி அதைக் கண்டாரா என்று எனக்குத் தெரியாது. அவர் வாசலுக்குப் போய்விட்டார். நான் நான்கு அடி தள்ளி, வந்தவர்களுக்குக் கைகூப்பிக்கொண்டு நின்றேன்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முந்தின கிழமை, சித்தப்பாவின் படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்ததை எடுக்க அப்பாவும் நானும் மார்க்கம் வீதியால் போனோம். மத்தியான வெயில். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்று நின்று போனோம். மூன்றாவது விளக்கில் எனக்குப் பொறுக்கவில்லை. சத்தியத்தை உடைத்தேன். கதவு, ரீவி, தோள், வான், தங்குமிடம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பச்சை விழுந்தது. பின்னால் யாரோ கோர்ன் அடித்தார்கள். அப்பா காரை எடுத்தார்.

"தெரியும்" என்றார்.

நான் பிழையாய்க் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். "எப்ப தெரியும்?"

"அடுத்த நாளே. தம்பி வந்து சொன்னவன். கராஜுக்குள்ளை நிண்டு அழுது அழுது சொன்னவன்." இண்டிக்கேட்டரைப் போட்டு, வலது வரிசைக்கு மாறினார். "நான்தான் ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு சொன்னனான். அவளிட்டையும் எனக்குச் சொன்னதாய்ச் சொல்லாதை எண்டனான். கொம்மாவுக்கு வயித்தில ஏழு மாதம். நீ நாலு வயசு. நான் என்ன செய்ய?"

"இப்ப எனக்கு இருபது, அப்பா."

அவர் வீதியைப் பார்த்து ஓட்டினார். கொஞ்சம் போய், "பிறகு பிறகு எண்டு நாள் போயிட்டுது" என்றார். "ஒரு வருசம் போனால் பிறகு எப்பிடிப் போய்க் கதவைத் தட்டுறது?" அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "நான் கேட்டதில்லை. அவவும் சொன்னதில்லை." கடை வந்துவிட்டது. படத்தை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சித்தப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு எனக்கு வந்த கோபம் எந்தத் திசையிலும் போகவில்லை. அப்பாவோடு கோபித்துக்கொண்டு மூன்று கிழமை கதைக்காமல் இருந்தேன். பிறகு அவருக்கு வரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, நான் வாசித்துக் காட்டினேன், கதைத்துவிட்டோம். மாமா இன்றும் கோவிலில் வாளி தூக்குகிறார். என்னைக் கண்டால் "படிப்பு முடிஞ்சுதோ பிள்ளை" என்கிறார், நான் அந்த இடத்தைவிட்டுப் போய்விடுவேன், அதை அம்மா பார்த்துக்கொண்டிருப்பார். இதற்குமேல் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. மாமிக்குச் சொல்லலாம் என்று நினைத்த நாட்கள் கணக்கில்லை. சித்தப்பா உங்களைக் கைவிடவில்லை, நீங்கள் எதிர்பார்த்ததைத்தான் அவர் மறுநாளே செய்தார் என்று சொன்னால், செத்துப்போன தம்பியை மாமிக்குத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் அதே வாக்கியத்தில் உயிரோடு இருக்கும் அண்ணனை அவரிடமிருந்து எடுத்துவிடுவேன். ஒன்றைச் சொல்லி மற்றதைச் சொல்லாமல் விட வழியிருக்கிறதா என்று எத்தனையோ விதமாய் யோசித்துப் பார்த்தேன். வழியில்லை.

எனக்குப் படிப்பு முடிந்தது. இப்போது நகரத்தின் நடுவில் ஒரு அலுவலகத்தில் வேலை. மாமி அதே இடத்தில்தான் இருக்கிறார். மாதத்தில் இரண்டு தரமாவது ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய்ப் பார்ப்பேன். சித்தப்பா போனபிறகு நாங்கள் நாவலைத் தொடவேயில்லை. போன மாதம், தானாகவே கேட்டார்.

"உந்தப் பெட்டையின்ர கதை முடிஞ்சுதோ? சின்னவன் கடைசியா வாய் திறந்தவனோ?"

நான் அடுத்த முறை புத்தகத்தைக் கொண்டுபோனேன். கடைசி அத்தியாயத்தை, எதையும் கூட்டாமல் குறைக்காமல், வரிவரியாய்த் தமிழில் சொன்னேன். இந்தத் தரம் கையைக் காட்டவில்லை. சின்னவன் சாகக் கிடக்கிறான். தகப்பனையும் அண்ணனையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறான். அவர்கள் அந்த இரவே குதிரைவண்டி பூட்டி, பக்கத்து ஊரில் துணி தைத்துப் பிழைக்கிற அவளைத் தேடிப் போகிறார்கள். கிழவன் அவள் வாசற்படியில் முழங்காலில் நிற்கிறான். அவள் அவனைத் தூக்கிவிடுகிறாள். படித்த காலத்தில் இந்த முடிவு எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. கண்ணீரை அளந்து ஊற்றியிருக்கலாம் என்று பக்க ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். இப்போது வாசிக்கையில் வேறொன்று பட்டது. மூன்று பாகம் எழுதிய அந்த எழுத்தாளருக்கு ஒரு சாத்தியம் மட்டும் தோன்றவேயில்லை. கிழவனுக்கும் பெரியவனுக்கும் முதலிலிருந்தே தெரிந்திருக்கலாம் என்பது.

மாமி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். 

"நல்லாத்தான் முடிச்சிருக்கு" என்றார். "தெரிஞ்சாப் பிறகு வராமல் இருக்க மனிசரால ஏலாது, என்ன? எங்கட அண்ணையும் அப்பிடித்தான். தெரிஞ்சிருந்தால் அண்டைக்கே வந்திருப்பார். காலுக்கு ஒண்டும் போடாமல் ஓடி வந்திருப்பார். தம்பிக்குத்தான் வாய் இல்லாமல் போச்சு. பாவம், போயிட்டான். இனி அவனை என்ன சொல்லுறது."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் சரி சொல்வதற்காகக் காத்திருந்தார். இடைவேளை முடிய இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.

"ஓம் மாமி" என்றேன்.